நிலத்தின் நிலைபேறும் அதனை அளந்தோரும்

ஒரு வயல் இவ்வாண்டு எவ்வளவு விளைந்தது என்பதை அறிய ஓர் அறுவடையும் ஒரு தராசும் போதும். அவ்வயல் இதே முறையிற் பயிரிடப்பட்டால் நூறாண்டுகளின் பின்னரும் இவ்வாறே விளையுமா என்பதை அறிய அவை போதா. வேளாண்மையின் நிலைபேறு பற்றிய வினா இவ்விடத்திலேயே எழுகின்றது. விளைச்சல் கண்ணுக்குத் தெரிவது; விளைவிக்கும் ஆற்றலின் தேய்வோ கண்ணுக்குத் தெரியாதது. ஒரு தலைமுறை உழவர் காணாத தேய்வை அடுத்த தலைமுறையினர் பஞ்சமாகக் காண நேரலாம்.

'நிலைபேறு' என்னும் கருத்து உலக அரங்கிற் பெருவழக்குப் பெற்றது 1987 ஆம் ஆண்டு புறுண்ட்லாந்து ஆணைக்குழுவின் அறிக்கை வெளிவந்த பின்னரேயாகும். ஆயினும் சொல் பரவுவதற்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு முன்னரே பொருள் ஆராயப்படலாயிற்று. இங்கிலாந்தின் ஒரு கோதுமை வயல், ஐக்கிய அமெரிக்காவின் அரிக்கப்பட்ட சரிவுகள், பிலிப்பைன்சின் ஒரு நெல்வயல் ஆகிய மூன்று களங்கள் இவ்வாராய்ச்சியின் வரலாற்றிற் சிறப்பிடம் பெறுவன. இம்மூன்றையும் ஒருசேர நோக்குமிடத்து, நிலத்தை அளந்தோர் எவ்வினாவுடன் தொடங்கினர், அவர்தம் அளவீடுகள் ஈற்றில் எவ்வினாவுக்கு விடையளித்தன என்பவற்றுக்கிடையே பெரியதோர் இடைவெளி இருத்தல் புலனாகும். அவ்விடைவெளியை விளங்கிக் கொள்ளாது நிலைபேற்றை அளக்க முற்படுவோர் எண்களாலேயே ஏமாற்றப்படுவர்.

பசளை வணிகரின் வயல்

இலண்டனுக்கு வடக்கே ஹேட்போட்சயர் மாவட்டத்தில் றொதம்ஸ்ரெட் என்னும் பண்ணை உள்ளது. அதன் உரிமையாளரான ஜோன் லோஸ் (1814-1900), எலும்பையும் கனிப்பொசுபேற்றையும் கந்தகவமிலத்தாற் பதப்படுத்திப் பெறும் சுப்பர்பொசுபேற்றுப் பசளைக்கு 1842 இல் ஆக்கவுரிமை பெற்றார். மறு ஆண்டு டெற்போட்டில் அதற்கான ஆலையை நிறுவினார். அதே ஆண்டில் ஜோசப் ஹென்றி கில்பேட் (1817-1901) என்னும் இளம் இரசாயனவியலாளரைத் தம்முடன் சேர்த்துக் கொண்டார். இவ்விருவரின் கூட்டு உழைப்பு 57 ஆண்டுகள் நீடித்தது. 1843 இலையுதிர்காலத்தில் 'புறோட்போல்க்' என்னும் வயலிற் கோதுமை விதைக்கப்பட்டது. அதன் ஒரு கீலத்துக்கு ஆண்டுதோறும் ஹெக்டயருக்கு 35 தொன் அளவில் வைக்கோல் கலந்த மாட்டெரு இடப்பட்டது. வேறு கீலங்களுக்கு அமோனியம் உப்புக்கள், பொசுபேற்று, பொற்றாசியம் முதலியன வெவ்வேறு சேர்க்கையில் இடப்பட்டன. இன்னொரு கீலம் எப்பசளையும் இன்றி விடப்பட்டது. அவ்வயலிற் பரிசோதனை இன்றும் தொடர்கின்றது. உலகில் இடையறாது நிகழ்ந்துவரும் வேளாண்மைப் பரிசோதனைகளுள் றொதம்ஸ்ரெட்டின் பரிசோதனைகளே மிகப் பழையனவாம்.

லோசும் கில்பேட்டும் தொடக்கத்தில் எழுப்பிய வினா நிலைபேறு பற்றியதன்று. கோதுமைக்கு வேண்டிய ஊட்டம் எது என்பதே அவர்தம் வினா. அக்காலத்து இரசாயனவியலிற் பெரும் செல்வாக்குப் பெற்றிருந்தவர் ஜேர்மானியரான லீபிக். பயிரின் சாம்பலிற் காணப்படும் கனிப்பொருள்களை மண்ணுக்கு மீள அளித்தாற் போதும், நைதரசனை வளிமண்டலமே வழங்கும் என்பது அவர் கொள்கை. புறோட்போல்க் வயலில் இக்கொள்கை தேறவில்லை. கனிப்பொருள்கள் மாத்திரம் இடப்பட்ட கீலங்களில் விளைச்சல் சிறிதே உயர்ந்தது. அமோனியம் உப்புக்கள் சேர்க்கப்பட்ட கீலங்களிற் பெரிதும் உயர்ந்தது. பொசுபேற்று விற்ற வணிகரின் வயலே, கோதுமைக்கு முதன்மையாக வேண்டியது நைதரசன் எனச் சான்று பகர்ந்தமை கவனிக்கத்தக்கது. இதன் பொருட்டு எழுந்த விவாதம் பல்லாண்டுகள் கடுமையாக நடந்தது. 1845 இல் லீபிக்கின் ஆலோசனைப்படி தயாரிக்கப்பட்டு விற்பனைக்கு வந்த பசளையும் தோல்வியுற்றது. மழை கழுவிச் செல்லக்கூடாது எனக் கருதி அது நீரிற் கரையா வடிவில் ஆக்கப்பட்டமையே அதற்குக் காரணமாகும்.

எனினும் லீபிக்கின் மற்றொரு குற்றச்சாட்டை விவாதத்தினால் மாத்திரம் ஒதுக்கிவிட இயலவில்லை. எடுத்ததை மண்ணுக்குத் திருப்பிக் கொடாத வேளாண்மை கொள்ளையே என்றும், பிறநாடுகளின் எலும்பையும் பறவையெச்சத்தையும் வாரியெடுத்துத் தன் வயலை வளப்படுத்தும் இங்கிலாந்து பிறர் நிலத்தின் எதிர்காலத்தையே உண்கின்றது என்றும் அவர் கண்டித்தார். மண் களைத்துப்போகுமா என்னும் இவ்வினாவுக்கு இரசாயனசாலையில் விடை காண முடியாது. காலமே விடைகூற வேண்டும்.

காலம் கூறிய விடை இரு தரப்பினரும் எதிர்பாராதது. பசளையற்ற கீலம் முற்றாக மலடாகிவிடவில்லை. அதன் விளைச்சல் ஹெக்டயருக்கு ஏறத்தாழ 1 தொன் என்ற தாழ்ந்த நிலையில் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நின்றுவருகின்றது. நிறைவான இரசாயனப் பசளை பெற்ற கீலங்கள் மாட்டெரு பெற்ற கீலத்துக்கு நிகராக நெடுங்காலம் விளைந்தன. இரசாயனப் பசளை சில ஆண்டுகளில் மண்ணைக் கெடுத்துவிடும் என்ற கருத்துக்கு அவ்வயலில் ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் மாட்டெருக் கீலத்தின் மண்ணிற் சேதனக் காபன் படிப்படியாக உயர்ந்து பசளையற்ற கீலத்தினதைப் போல் இரண்டு மடங்குக்கு மேலாயிற்று. விளைச்சலில் ஒத்திருந்த இரு கீலங்கள் மண்ணின் தன்மையில் வேறுபட்டுச் சென்றன. பின்னாளில் விளைதிறன் மிக்க குட்டை இனங்கள் வந்தபோது, மாட்டெருவோடு நைதரசன் பசளையும் பெற்ற மண்ணே பெரும்பாலும் மிகுந்த விளைச்சலைத் தந்தது. இன்றைய விளைச்சல் நாளைய ஆற்றலுக்கு முழுச் சான்றாகாது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

விளைச்சலை மாத்திரம் அளந்திருந்தால் வெளிப்பட்டிராத வேறு இரு செய்திகளையும் றொதம்ஸ்ரெட் உணர்த்தியது. 1849 இல் புறோட்போல்க்கின் ஒவ்வொரு கீலத்தின் கீழும் ஓட்டு வடிகான் பதிக்கப்பட்டது. அதிலிருந்து ஒழுகிய நீரை 1860களின் பிற்பகுதியில் வோல்கர், பிராங்லன்ட் ஆகிய இரசாயனவியலாளர் பகுப்பாய்வு செய்தனர். இடப்படும் அமோனியம் உப்பின் அளவு கூடக்கூட வடிநீரின் நைத்திரேற்றும் கூடியது. இலையுதிர்காலத்தில் இடப்பட்ட பசளையிற் பெரும்பகுதி குளிர்கால மழையோடு கழிந்து சென்றது. உழவர் பணம் வீணாகின்றது என்பதே அக்காலத்தார் இதிற் கண்ட பாடம். அதே நைத்திரேற்று கிணறுகளையும் ஆறுகளையும் மாசுபடுத்துவது பொதுப் பிரச்சினையாகி, ஐரோப்பிய சமூகம் அதற்கென ஒரு கட்டளையைப் பிறப்பித்தது 1991 இலாகும். ஒரே அளவீடு நூற்றிருபது ஆண்டுகளின் பின்னர் வேறொரு வினாவுக்கு விடையாயிற்று.

இரண்டாவது செய்தி 1856 இல் தொடங்கப்பட்ட புல்வெளிப் பரிசோதனையிலிருந்து கிடைத்தது. பசளை பெறாத பகுதியில் 35க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் இன்றும் வளர்கின்றன. சுண்ணாம்பின்றி அமோனியம் சல்பேற்று மாத்திரம் தொடர்ந்து பெற்ற பகுதிகளில் மண்ணின் பீ.எச். பெறுமானம் 4க்கும் கீழே இறங்கியது. அங்கு எஞ்சியவை இரண்டொரு புல்லினங்களே. வைக்கோலின் நிறையை மாத்திரம் குறித்துவைத்திருந்தால் இவ்விழப்பு ஏட்டில் இடம்பெற்றிராது.

எண்களுக்குள் மறைந்திருந்த சமூகம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் றொதம்ஸ்ரெட்டிற் குவிந்திருந்த எண்கள் ஏராளம். அவற்றைப் பொருள்கொள்ளும் முறையோ பழையது. அக்காலத்து இயக்குநராயிருந்த றசல், 1919 இல் றொனால்ட் பிஷர் என்னும் கணிதவியலாளரைப் பணிக்கமர்த்தினார். புறோட்போல்க்கின் ஏறத்தாழ 70 ஆண்டுப் பதிவுகளைப் பிஷர் ஆராய்ந்து 1921 இல் வெளியிட்ட கட்டுரை, விளைச்சல் மாற்றங்களை மூவகையாகப் பிரித்துக் காட்டியது. ஆண்டுக்காண்டு மாறும் காலநிலையின் விளைவு ஒன்று. மண்ணின் வளம் படிப்படியாகக் குன்றுவதன் விளைவு மற்றொன்று. இவ்விரண்டிலும் அடங்காத மெதுவான ஏற்ற இறக்கங்கள் மூன்றாவது.

மூன்றாவதன் காரணம் யாதென ஆராய்ந்த பிஷர் களைகளைச் சுட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதிகளிற் கோதுமை வயல்களிற் கையாற் களை பிடுங்கியோர் பெரும்பாலும் சிறுவர்களே. 1870களிற் கல்விச் சட்டங்கள் சிறுவரைப் பாடசாலைக்கு அனுப்பவே அம்மலிவான உழைப்பு வயலிலிருந்து நீங்கியது, களைகள் பெருகின, விளைச்சல் தாழ்ந்தது. மண்ணின் இரசாயனத்தை அளக்கத் தொடங்கப்பட்ட பரிசோதனையின் எண்களில் ஒரு நாட்டின் சமூகச் சட்டம் தன் தடத்தைப் பதித்திருந்தது. ஒரு வேளாண்மை முறையின் நிலைபேறு மண்ணை மாத்திரம் சார்ந்ததன்று. அதனைத் தாங்கிநிற்கும் மனித உழைப்பையும் சார்ந்தது. பிற்காலத்தார் பல மாநாடுகளிற் பேசி நிறுவிய இக்கருத்து, 1921 ஆம் ஆண்டுப் புள்ளிவிபரக் கட்டுரை ஒன்றினுள் ஏற்கெனவே அடங்கியிருந்தது.

புறோட்போல்க்கின் குறைபாடுகளும் பிஷருக்குத் தெளிவாயின. ஒவ்வொரு பரிகரணமும் ஒரு கீலத்திலேயே அமைந்திருந்தமையால், இரு கீலங்களின் வேறுபாடு பசளையால் வந்ததா நிலத்தின் இயல்பால் வந்ததா என்பதை உறுதியாகக் கூற வழியில்லை. எழுமாற்று ஒதுக்கீடு, மீள்செய்கை ஆகிய நெறிகளை வகுத்து அவர் 1925 இலும் 1935 இலும் வெளியிட்ட நூல்கள் பரிசோதனை விஞ்ஞானம் முழுவதற்கும் அடிப்படையாயின. இங்கு ஒரு முரண் உண்டு. அந்நெறிகளைப் பிறப்பித்த வயல் அந்நெறிகளுக்கு அமையாதது. எனினும் அதனைக் கைவிட எவரும் துணியவில்லை. செம்மையான புதிய பரிசோதனை ஒன்றை எந்த ஆண்டிலும் தொடங்கலாம். 1843 இல் தொடங்கிய ஒன்றை இனித் தொடங்க இயலாது.

அவ்வயல் மாற்றமின்றியே காக்கப்பட்டது எனவும் கருதலாகாது. களைகளை அடக்க 1920களிற் பகுதி பகுதியாகத் தரிசு விடும் முறை புகுத்தப்பட்டது. பின்னர் களைகொல்லிகள் வந்தன. 1968 இற் குட்டைக் கோதுமையும் சுழற்சிப் பயிர்களும் இடம்பெற்றன. பரிசோதனையின் பொருளைக் காக்க அதன் வடிவத்தைச் சிற்சில வேளைகளில் மாற்ற வேண்டியிருந்தது. இதற்கெல்லாம் அடித்தளமாக நின்றது பண ஏற்பாடாகும். லோஸ் தம் பசளைத் தொழிலை 1872 இல் விற்றுப் பெற்ற செல்வத்திலிருந்து ஓரிலட்சம் பவுணை ஒதுக்கி, 1889 இல் ஒரு நம்பிக்கைப் பொறுப்பை நிறுவினார். உரிமையாளர் மறைந்த பின்னும் வயல் தொடர்ந்தமைக்கு அதுவே காரணம். நிலத்தின் நிலைபேற்றை அளக்க, அளக்கும் நிறுவனத்துக்கு முதலில் நிலைபேறு வேண்டும்.

அந்நிறுவனத்தின் மற்றுமொரு செல்வம், போத்தல்களில் அடைத்துப் பேணப்பட்ட ஏறத்தாழ 3 இலட்சம் மண், பயிர் மாதிரிகளாகும். அவற்றைச் சேகரித்தோர் அறிந்திராத முறைகளாற் பிற்காலத்தார் அவற்றைச் சோதித்தனர். வளிமண்டலத்திலிருந்து மண்ணிற் காட்மியம் படிந்து பெருகிய வரலாறு 1980களில் அவற்றிலிருந்து வெளிப்பட்டது. மண்ணின் சேதனக் காபன் எவ்வேகத்திற் சேர்கின்றது, எவ்வேகத்திற் சிதைகின்றது என்பதைக் கணிக்கும் மாதிரியுருவும் இவ்வயல்களின் பதிவுகளைக் கொண்டே ஜென்கின்சனாலும் அவர்தம் சகபாடிகளாலும் உருவாக்கப்பட்டது. காலநிலை மாற்றம் பற்றிய ஆய்வுகளில் அது இன்று உலகெங்கும் பயன்படுகின்றது. காபனை வளிமண்டலப் பிரச்சினையாக எண்ணியிராத இருவர் குறித்துவைத்த எண்கள் அதற்கு ஆதாரமாயின.

சரிவுகளும் சமன்பாடும்

றொதம்ஸ்ரெட்டின் மண் ஏறத்தாழச் சமதரையில் அமைந்தது. மண் தன் இடத்திலேயே இருக்கும்போது அதன் வளம் மாறும் வகையை அது காட்டிற்று. மண்ணே இடம்பெயர்ந்து போகுமாயின் என்ன நேரும் என்பதை ஐக்கிய அமெரிக்கா கற்க நேர்ந்தது. 1905 இல் வேர்ஜீனியாவில் மண் அளவையில் ஈடுபட்டிருந்த ஹியூ ஹமண்ட் பெனற், உழப்பட்ட வயலின் மண்ணும் அதனை அடுத்திருந்த காட்டின் மண்ணும் பெரிதும் வேறுபடுதலைக் கண்டார். மேன்மண் மெல்லிய படலமாக ஆண்டுதோறும் கழுவப்பட்டமையே அதற்குக் காரணம் என அவர் முடிவு செய்தார். பள்ளமாக வெட்டிச் செல்லும் அரிப்பை உழவர் காண்பர். படலமாகச் செல்லும் அரிப்பைக் காணார். 1928 இல் அவர் சப்லைன் என்பாருடன் சேர்ந்து எழுதிய, மண்ணரிப்பைத் தேசிய அபாயமெனக் கூறும் சிறு வெளியீடு அரசாங்கத்தின் கவனத்தை ஈர்த்தது.

அதற்கு முன்னரே, 1917 இல், மிசூரிப் பல்கலைக்கழகத்தில் மில்லர், டூலி ஆகியோர் சரிவில் சிறு பாத்திகளை அமைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் வழிந்தோடிய நீரையும் மண்ணையும் தொட்டிகளில் ஏந்தி நிறுத்தனர். அம்முறையைப் பின்பற்றி 1929க்குப் பின் நாடெங்கும் பத்துப் பரிசோதனை நிலையங்கள் நிறுவப்பட்டன. 1934 மே மாதத்திற் பெருஞ்சமவெளியில் எழுந்த புழுதி அத்திலாந்திக் கரைவரை சென்றது. 1935 ஏப்பிரலில் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்வழி அமைந்த மண் பாதுகாப்புச் சேவைக்குப் பெனற் தலைவரானார்.

நிலையங்களிற் சேர்ந்த எண்களை ஒன்றுசேர்த்துப் பொதுவிதி காணும் பணி 1954 இற் பேர்டியூ பல்கலைக்கழகத்தில் வோல்ற்றர் விஷ்மையரிடம் ஒப்படைக்கப்பட்டது. 10,000க்கும் மேற்பட்ட பாத்தி-ஆண்டுகளின் பதிவுகளை ஆராய்ந்து, விஷ்மையரும் ஸ்மித்தும் 1965 இல் 'அகில மண்ணிழப்புச் சமன்பாடு' என வழங்கும் சூத்திரத்தைக் கைந்நூலாக வெளியிட்டனர். மழையின் அரிக்குந் திறன், மண்ணின் அரிபடுந் தன்மை, சரிவின் நீளம், சரிவின் செங்குத்து, பயிர் மூடுகை, பாதுகாப்பு முறை என்னும் ஆறு காரணிகளைப் பெருக்கினால் ஆண்டுச் சராசரி மண்ணிழப்பு கிடைக்கும். கிராமப்புற அலுவலர் ஒருவர் அட்டவணை ஒன்றைக் கையிற் கொண்டு உழவருக்கு அறிவுரை கூறக்கூடிய எளிமை அதற்கு இருந்தது. அளவை, ஆய்வாளரின் தொட்டியிலிருந்து உழவரின் வரம்புக்கு வந்தது இதன் பெருஞ்சாதனையாகும்.

இச்சமன்பாட்டின் நியமப் பாத்தி 72.6 அடி நீளமுடையது. இவ்விலக்கம் இயற்கையின் விதி எதனையும் குறிப்பதன்று. 6 அடி அகலமும் 72.6 அடி நீளமும் உடைய பாத்தி சரியாக ஓர் ஏக்கரின் நூறில் ஒரு பங்காகும். கணக்கிடுதல் எளிதாகும் என்பதே அதன் காரணம். கையாற் கணக்கிட்ட காலத்தின் வசதி உலகச் சமன்பாட்டினுள் நிலைத்துவிட்டது. சமன்பாட்டை அது எழுந்த நிலைமைகளுக்கு அப்பால் இழுத்துச் செல்வதன் தவறுகளை விஷ்மையரே 1976 இல் எழுதிய கட்டுரையில் எடுத்துக் காட்டினார். ஆக்கியோனே தன் கருவியின் எல்லையை வரையறுத்தமை விஞ்ஞான நேர்மைக்குச் சான்றாகும்.

சமன்பாட்டோடு இணைந்து வந்த 'தாங்கக்கூடிய இழப்பு' என்னும் எல்லை மேலும் சிக்கலானது. ஏக்கருக்கு ஆண்டொன்றில் 5 தொன் வரையான இழப்பு, ஆழமான மண்ணுக்கு ஏற்கத்தக்கதெனக் கொள்ளப்பட்டது. பயிரின் விளைதிறனைக் காத்தல், உழவரால் இயலக்கூடியது ஆகியனவும் அவ்வெல்லையை வகுத்தபோது கருத்திற் கொள்ளப்பட்டன. ஆனால் பாறை சிதைந்து புதுமண் உருவாகும் வேகம் இதனினும் மிகக் குறைந்தது. உலகின் பல பகுதிகளிலிருந்து அளவீடுகளைத் திரட்டி மொன்ற்கோமரி 2007 இல் வெளியிட்ட ஆய்வு, வழமையான உழவு வயல்களின் அரிப்பு வேகம் மண்ணாக்க வேகத்தைப் போற் பத்து முதல் நூறு மடங்கு வரையாகும் எனக் காட்டியது. ஆகவே ஒரு வயல் சட்டத்தின் எல்லைக்குள் நிற்பதும் நிலைபேறுடையதாய் இருப்பதும் ஒன்றல்ல. எல்லை என்பது அளந்து பெற்றதாகத் தோன்றினும், அதில் ஓர் இணக்கப்பாடு மறைந்திருக்கின்றது.

1985 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மிகவும் அரிபடக்கூடிய நிலத்திற் பயிரிடுவோர் பாதுகாப்புத் திட்டத்தைக் கைக்கொண்டாலன்றி அரசாங்க உதவியை இழப்பர் என்ற நிபந்தனை ஏற்பட்டது. 1982க்கும் 2007க்கும் இடையே ஐக்கிய அமெரிக்கப் பயிர் நிலங்களின் மண்ணரிப்பு ஐந்தில் இரண்டு பங்குக்கு மேற் குறைந்ததாக அரசாங்க மதிப்பீடுகள் கூறுகின்றன. சமன்பாட்டின் துணையின்றி இப்பயன் விளைந்திராது. ஆயின் அம்மதிப்பீடுகளும் அச்சமன்பாட்டு வழியே கணிக்கப்பட்டவை என்பதைப் புவியியலாளர் ஸ்ரான்லி றிம்பிள் சுட்டிக் காட்டினார். விஸ்கொன்சினின் கூன் கிறீக் வடிநிலத்தில் அவர் பல்லாண்டுகள் படிவை நேரில் அளந்தவர். 1975க்கும் 1993க்கும் இடையில் அங்குப் படிவு சேர்ந்த வேகம் 1930களின் வேகத்தில் ஏறத்தாழ 6 சதவீதமே எனக் கண்டார். அதேவேளை வடிநிலத்தை விட்டு வெளியேறிய படிவின் அளவு நெடுங்காலமாகப் பெரிதும் மாறவில்லை. பழைய அரிப்பின் மண் பள்ளத்தாக்கிலேயே தேங்கியிருந்தது. ஆற்றின் வாயில் மாத்திரம் அளந்தவர் பாதுகாப்புப் பணி பயனற்றதென முடிவு செய்திருப்பார். சரிவில் மாத்திரம் கணித்தவர் இழந்த மண் யாவும் கடலுக்குச் சென்றதென எண்ணியிருப்பார். எங்கே நின்று அளப்பது என்பதே விடையின் பாதியாகும்.

மூன்று போக வயல்

பசுமைப் புரட்சிக்கும் அளவைக்கும் உள்ள தொடர்பு மூன்றாவது களத்திற் புலனாகின்றது. பிலிப்பைன்சின் லொஸ் பஞோஸ் என்னுமிடத்தில் 1960 இல் நிறுவப்பட்ட சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம், 1960களின் தொடக்கத்தில் ஒரே வயலில் இடைவிடாது நெல் பயிரிடும் பரிசோதனையைத் தொடங்கியது. 1968 முதல் ஆண்டுக்கு மூன்று போகம் செய்யப்பட்டது. புதிய குறுங்கால இனங்களைக் கொண்டு நிலத்தை எவ்வளவு செறிவாகப் பயன்படுத்தலாம் என்பதே தொடக்க வினா. இன்று 150க்கும் மேற்பட்ட போகங்களைக் கண்ட அவ்வயல், ஆசிய நெற்செய்கையின் நிலைபேற்றுக்கு ஓர் உரைகல்லாகிவிட்டது.

1970களிலும் 1980களிலும் அங்கு விளைச்சல் படிப்படியாக வீழ்ந்தது. பசளை குறைக்கப்படவில்லை, இனங்கள் காலத்துக்கேற்பப் புதுப்பிக்கப்பட்டன. மண்ணைச் சோதித்தபோது சேதனப் பொருளும் மொத்த நைதரசனும் குன்றியிருக்கவில்லை. வழமையான குறிகாட்டிகளை மாத்திரம் நோக்கியவருக்கு அம்மண் நலமுடையதாகவே தோன்றியிருக்கும். இடையறாது நீர் தேங்கிய மண்ணில் நைதரசன் பயிருக்கு எளிதில் எட்டாத வடிவிற் பிணைக்கப்பட்டது என்ற விளக்கத்தைக் கஸ்மன் முதலிய ஆய்வாளர் முன்வைத்தனர். 1990களில் நைதரசன் பசளையின் அளவும் அதனை இடும் காலமும் மாற்றப்பட்டன. போகங்களுக்கிடையே வயலை உலரவிடும் ஏற்பாடும் கைக்கொள்ளப்பட்டது. விளைச்சல் மீண்டும் உயர்ந்தது. அக்காலத்தில் ஞாயிற்றொளி மிகுந்திருந்தமையும் இதற்கு உதவிற்று என ஆய்வாளர் மறைக்காது குறித்துள்ளனர்.

இவ்வீழ்ச்சி ஆசியாவின் நெல்வயல் யாவற்றுக்கும் பொதுவானது எனச் சிலர் அஞ்சினர். ஆனால் பல நாடுகளின் நீண்டகாலப் பரிசோதனைகளை ஒப்பிட்டு 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அத்தகைய வீழ்ச்சி பரவலானதன்று எனக் காட்டியது. ஒரு வயலின் எச்சரிக்கையைப் புறக்கணித்தல் தவறு. அதனையே ஒரு கண்டத்தின் தீர்ப்பாகக் கொள்ளுதலும் தவறு.

அளவையின் எல்லை

இன்று நிலைபேற்றை அளக்கும் முயற்சி வயலிலிருந்து உலக அளவுக்கு விரிந்துள்ளது. 2015 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்றுக்கொண்ட அபிவிருத்தி இலக்குகளுள், நிலைபேறான வேளாண்மைக்கு உட்பட்ட நிலத்தின் விகிதத்தை அளக்கும் குறிகாட்டியும் ஒன்று. உணவு விவசாய நிறுவனத்தின் பொறுப்பிலுள்ள அக்குறிகாட்டி, மண், நீர், வருமானம், கூலி, நிலவுரிமை முதலியவற்றைத் தழுவிய 11 துணைக்குறிகாட்டிகளைக் கொண்டது. பெரும்பாலும் பண்ணையாளரிடம் வினாவி விடைபெறும் முறையில் அமைந்தது. பிஷர் எண்களுக்குள் தேடிக் கண்ட உழைப்பு என்னும் காரணி இங்கு நேரடியாகவே இடம்பெற்றுள்ளது. இது பெரும் முன்னேற்றமாகும். அகலத்தில் இவ்வளவை றொதம்ஸ்ரெட்டை மிஞ்சுகின்றது. ஆழத்திலும் காலத்திலும் அதற்கு நிகராகாது. மூன்றாண்டுகளைத் திரும்பிப் பார்க்கும் வினாத்தாள், முப்பதாண்டுகளின் பின் வெளிப்படும் தேய்வைக் காணமாட்டாது. ஆகையால் ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது. பரந்த அளவையின் நம்பகத்தன்மை நீண்ட அளவையையே சார்ந்து நிற்கின்றது.

இவ்வரலாறு இலங்கைக்கும் தொலைவானதன்று. 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு அரசாங்கம் தடைவிதித்தது. நாடு முழுவதும் ஒரே போகத்திற் சேதனப் பசளைக்கு மாற வேண்டுமென எதிர்பார்க்கப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதிலும் 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. சேதனப் பசளை மண்ணுக்கு நன்மை பயக்கும் என்பதைப் புறோட்போல்க் மறுக்கவில்லை; அதனை நிறுவியதே அவ்வயல்தான். ஆனால் அந்நன்மை ஹெக்டயருக்கு ஆண்டுதோறும் 35 தொன் எருவைப் பெற்று, பல பத்தாண்டுகளிற் சேர்ந்தது. அவ்வளவு எரு எங்கிருந்து வரும், மண் மாறுவதற்குரிய காலம்வரை உழவர் எதனைக் கொண்டு வாழ்வர் என்னும் இரு வினாக்களுக்கும் விடை காணாது அளவையின் முடிவை மாத்திரம் எடுத்துக்கொண்டால், உண்மையே தீங்காக மாறக்கூடும். அதன் சுமையை ஏற்றவர்கள் தீர்மானித்தோரல்லர், பயிரிட்டோரே.

மூன்று களங்களின் வரலாறும் ஒரு பொதுக் கருத்தை வற்புறுத்துகின்றது. பசளை வணிகரின் வினா நீர்மாசின் அளவையாயிற்று. கணக்கிடும் வசதிக்காக வெட்டப்பட்ட பாத்தி ஒரு நாட்டின் சட்டத்துக்கு அடிப்படையாயிற்று. விளைச்சலைப் பெருக்க அமைந்த வயல் விளைச்சலின் எல்லையைக் காட்டிற்று. எண்கள் தம்மை எழுப்பிய நோக்கத்தைக் கடந்து வாழ்ந்தமைக்கு, அவற்றை எடுத்தோர் இடையறாது எடுத்தமையும், மறையாது பதிந்தமையும், தமக்கு விளங்காதவற்றையும் பிற்காலத்தாருக்கெனப் பேணியமையுமே காரணங்களாம். நிலத்தை அளக்கும் பணி அளப்பவரின் ஆயுளினும் நீண்டது. அதனை உணர்ந்து, தம் காலத்திற் பயன் காணாத பதிவுகளையும் செம்மையாக எழுதிவைக்கும் பொறுமையுடையோர் உள்ளவரையே நிலைபேறு என்னும் சொல்லுக்குப் பொருள் இருக்கும்.